ரத்தக்குழாய்க்கு உத்தரவு

தேனி காய்கறி மார்க்கெட்டில் காலமெல்லாம் கமிஷன் கடை நடத்தி, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிற சண்முகராஜிடம், "மாமா, உங்க ரத்தக்குழாய்ல ஒண்ணு லேசாச் சுருங்கியிருக்கு" என்று டாக்டர் மகிமா சொன்ன அன்றைக்கு, தேனி ஊரிலேயே அவரைவிடச் சந்தோஷமான மனிதர் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு சொல்லிக்கொள்ள அவரிடம் புதிதாக ஒரு சங்கதியும் இல்லாமல் இருந்தது. இப்போது உடம்புக்குள்ளேயே ஒன்று கிடைத்துவிட்டது.

'லேசா' என்ற சொல்லை அவர் கிளினிக் படியிலேயே உதறிவிட்டார். நேரு சிலைப் பக்கம் வரும்போது குழாய் பாதி அடைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது முக்கால். மார்க்கெட்டுக்குள் நுழையும்போது அதில் ஒரு தலைமுடிகூட நுழையாது.

"டாக்டரே எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாகன்னா பாத்துக்கங்க. 'நீங்க நடந்து வந்து இங்கன உக்காந்திருக்கறது எங்க படிப்புக்கே புரியல'ன்டாக."

வாழைக்காய் மண்டி மதன்குமார் தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான். சண்முகராஜ் சொல்வதில் முக்கால் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவது மார்க்கெட்டில் எல்லோருக்கும் பழக்கம். தராசில் சாக்கு எடையைக் கழிப்பதுபோல யோசிக்காமல் செய்வார்கள்.

"அப்ப சாயங்காலத்துக்கு ஒண்ணும் கெடையாதாண்ணே?" என்றான் மதன்குமார், வேண்டுமென்றே.

சண்முகராஜின் முகம் வாடிவிட்டது. வலது மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே கருப்புக் கயிறு இருந்தது.

அந்தக் கயிறு வந்த கதை ஊருக்கே தெரியும். பேத்தி ஓவியாவின் காதுகுத்தில் சண்முகராஜ் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக்கொண்டார். மொய் வாசித்துக்கொண்டிருந்த மைக்கைப் பிடுங்கி, சம்பந்தி வீட்டார் தாம்பாளம் தாம்பாளமாகக் கொண்டுவந்த சீர்வரிசையை ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். தொழில் சுத்தம். வெள்ளிக் கொலுசு ஒரு தரம், ரெண்டு தரம். பட்டுப்பாவாடை போனது. தாய்மாமன் கொண்டுவந்த கிடாயைத் தாய்மாமனுக்கே நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார். பந்தலில் பாதிப்பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் மற்றப் பாதி. மறுநாள் காலை சொர்ணலதா ஒரு வார்த்தை திட்டாமல் வீட்டுக்காரரைக் காரில் ஏற்றித் தன் பிறந்த ஊரான மார்க்கையன்கோட்டைக்குக் கொண்டுபோய், ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமி முன்னால் நிறுத்திக் குடிக்க மாட்டேனென்று சத்தியம் வாங்கிக் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்.

கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் என்ன ஆகும்? அதைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு கதை உலவியது. சின்னமனூர்க்காரன் ஒருவன் கயிற்றோடு குடித்தானாம். கருப்பு குதிரையேறி அவனைக் குமுளி மலைப்பாதை வரைக்கும் துரத்தினதாம். குதிரைக் கண்ணில் நெருப்பு, குளம்பு பட்ட இடத்தில் தார் ரோடு உருகியது. இவ்வளவையும் வருஷக்கணக்காக ஊதிப் பெருக்கியவர் சண்முகராஜேதான். நெருப்பும் தாரும் அவர் கைச்சரக்கு. இப்போது டாஸ்மாக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பின்னால் டக் டக்கென்று கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரோ செருப்புப் போட்டு நடந்து வருகிறார்கள். இருந்தாலும் நடையை எட்டிப் போட்டுவிடுவார்.

ஆக, ஒரே ஒரு டம்ளர். பொழுது சாயும் நேரத்தில், நாலு பேர் நடுவில், பேச்சுக்கு ஈரம் சேர்க்க ஒரு டம்ளர். அது மட்டும் திரும்பக் கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்தவருக்குத்தான், சுருங்கிய ரத்தக்குழாய் கிடைத்த மறுவாரமே வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது.

"ஏ சொர்ணம், இதக் கேளு. செவப்பு ஒயின் ரத்தக்குழாயோட உள்பக்கத்தத் தளர்த்திக் குடுக்குதாம். வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிருக்கான்."

சொர்ணலதா தோசையைத் திருப்பிப் போட்டார். "எந்த வெளிநாடு?"

"பிரான்சு. அங்கன வெண்ணெய உருண்ட உருண்டையாத் தின்னுட்டு இத ஒரு டம்ளர் குடிக்கிறானாம். நெஞ்சுவலின்னா என்னன்னே தெரியாதாம். ஆஸ்பத்திரியெல்லாம் பூட்டிக் கெடக்காம்."

"பூட்டியா கெடக்கு?"

"சாவியே துருப்பிடிச்சுப் போச்சாம்."

"அவுகளுக்கு யாரும் கயிறு கட்டலையாக்கும்."

"ஏய், இது குடி இல்ல. மருந்து."

"மருந்துன்னா மகிமா சொல்லட்டும்." தோசை தட்டில் விழுந்தது. பேச்சு முடிந்தது.

மகிமா வேற்றாள் இல்லை. பக்கத்து வீட்டம்மா ஜாய்ஸின் மகள். ஜாய்ஸ் பெரியகுளம் ரோட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறவர். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குக் கம்பம் பன்னீர் திராட்சையை வாங்கிச் சாடியில் போட்டு, சீனியும் கிராம்பும் பட்டையும் சேர்த்துத் துணி கட்டி வைத்து ஒயின் இறக்குகிறவர். அந்த வீட்டுப் பெண்ணே டாக்டராக இருப்பதைச் சண்முகராஜ் தெய்வ சங்கல்பம் என்றே எடுத்துக்கொண்டார்.

மகிமா வாட்ஸப் செய்தியைப் படித்துச் சிரித்தாள்.

"இப்படி ஆராய்ச்சி இருக்கறது நெசந்தான் மாமா."

சண்முகராஜுக்கு அதுவே போதும். மகிமா என்னவோ அதோடு நிறுத்தவில்லை. ரத்தக்குழாய்க்கு உள்ளே மெல்லிசாக ஒரு தோல் உண்டு, குழாய் விரிவதும் சுருங்குவதும் அதன் கையில் இருக்கிறது, திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருக்கிற சில சத்துகள் அதைத் தளர்த்துவதாகச் சில ஆராய்ச்சிகளில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை, எல்லாம் கொஞ்சப் பேரை வைத்துப் பார்த்தது என்றாள். ஒயினில் இருக்கிற ஆல்கஹாலை எடுத்துவிட்டுக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் பலன் தெரிந்ததாகச் சொன்னவர்கள் உண்டு, ஆல்கஹால் தன் பங்குக்குப் பிரஷரைத்தான் ஏற்றும் என்றாள்.

"குடிக்காதவங்கள இதுக்காக ஆரம்பிங்கன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க மாமா. உங்களுக்குச் சுகர் இல்ல. ஆசையா இருந்தா திராட்சையத் தோலு, கொட்டையோட மென்னு தின்னுங்க. அதுவும் பழந்தான், மருந்தில்ல. மாத்திரை, நடை, உப்பக் கொறைக்கிறது, இதுதான் மருந்து."

திராட்சைப் பந்தலுக்குள் பிறந்து வளர்ந்த இந்தப் பக்கத்து ஆட்களிடம் போய்த் தோலைத் தின்னச் சொல்வதாவது! பன்னீர் திராட்சையை இரண்டு விரலால் பிதுக்கினால் சதை வாய்க்குள் போகும், தோல் கையில் நிற்கும், கொட்டை வாயோரமாகப் பறக்கும். இதில் சண்முகராஜ் எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் துப்பக்கூடியவர். தோலைத் தின்கிற ஆளைப் பார்த்தால் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே மகிமா சொன்னதில் அந்தப் பகுதி அவர் காதில் ஏறவே இல்லை.

"என்ன சொன்னா?" என்றார் சொர்ணலதா.

"ஆராய்ச்சி நெசந்தான்னு அவ வாயாலயே சொல்லிட்டா."

இதில் ஒரு எழுத்து பொய் கிடையாது என்பதில் சண்முகராஜுக்கே பெருமை. பெரிய சண்டைக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொர்ணலதா ஜன்னல் வழியே ஜாய்ஸ் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப மொறப்படி கயித்த அவுத்துருவோம். சுருளியாண்டி அண்ணன்ட்ட சொல்லி வைக்கிறேன், ஞாயித்துக்கெழம போவோம்" என்றார். அவ்வளவு லேசாக வந்தது சண்முகராஜுக்கு நம்பும்படியாக இல்லை. ஆனாலும் ஆசை பெரிது.

கயிற்றை அவிழ்க்க ஒரு முறை உண்டு. என்ன சரக்கைக் குடிக்கப் போகிறானோ அதில் முதல் பாட்டிலைக் கருப்புக்கு ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் பூப்போட்டு உத்தரவு கேட்க வேண்டும். சண்முகராஜ் அன்றைக்கே ஜாய்ஸ் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பாட்டில் ஒயின் கேட்டார்.

"ஏண்ணே, போன கிறிஸ்மஸுக்குக் குடுத்த பாட்டில அக்கா என்ன பண்ணுச்சு?" என்றார் ஜாய்ஸ்.

"குத்துவெளக்கு தேய்ச்சா. பித்தள பளபளன்னு ஆயிருச்சு."

"அடப்பாவமே!"

"பித்தளைக்கே அந்தப் பளபளப்புன்னா, என் ரத்தக்குழா எப்படி ஆகும், யோசிச்சுப் பாரு ஜாய்ஸு."

ஜாய்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிச்சமிருந்த கடைசிப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "யாருக்கு ஊத்துனா என்ன, பாட்டில மட்டும் கழுவித் திருப்பிக் குடுத்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டி தாண்டி வயல்களுக்கு நடுவே கார் போனது. வழி முழுக்கச் சண்முகராஜுக்கு, சாமியிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று உள்ளுக்குள் ஒத்திகை நடந்தது. 'டாக்டர் குடிக்கச் சொன்னார்' என்று சொல்ல முடியாது. கருப்பு முன்னால் பொய் சொல்லிப் பிழைத்தவன் இல்லை என்பதையும் அவரேதான் ஊரெல்லாம் பரப்பியிருந்தார்.

பூசாரி சுருளியாண்டி சொர்ணலதாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வாரத்தில் ஆறு நாள் திராட்சைப் பந்தலில், ஏழாம் நாள் கருப்பு கோயிலில். பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கிராம்பு வாசம் அடிக்குது? பல்லுவலித் தைலமா?"

"ஒயினு மச்சான். ரத்தக்குழாய்க்கு மருந்து."

"சாமிக்குப் பிராந்தி வந்திருக்கு, ரம்மு வந்திருக்கு, பட்டாளத்துக்காரன் ஒருத்தன் ஒசத்தி விஸ்கி கொண்டாந்தான். மருந்து இப்பத்தான் வருது. சாமிக்கென்ன ரத்தக்கொதிப்பா?" அவர் முகம் சட்டென்று இறுகியது. "சரி, சன்னதியில நின்னு வாயத் தொறந்து கேளு. ஒரு சொல்லு பொய் கலந்தாலும் நான் பொறுப்பில்ல."

கருப்பு அரிவாளோடு நின்றது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் மண்குதிரை. சண்முகராஜ் அதன் கண்ணைப் பார்க்காமல் கும்பிட்டார்.

"அப்பா கருப்பா, என் ரத்தக்குழாய்க்கு டாக்டர் மகிமா எதச் சொன்னாளோ, அத நான் எடுத்துக்க உத்தரவு குடுப்பா."

சொல்லி முடித்ததும் உடம்பு சிலிர்த்தது. பொய்யும் இல்லை, ஒயின் என்ற பேச்சும் இல்லை. மதுரை ஹைகோர்ட் வக்கீல் நாலு பேர் உட்கார்ந்து எழுதினாலும் இப்படி வராது.

சுருளியாண்டி செவ்வரளி ஒரு இலையிலும் வெள்ளரளி ஒரு இலையிலும் மடித்துக் குலுக்கிப் போட்டார். இந்தச் சாமிக்குச் சிவப்பு வந்தால் உத்தரவு, வெள்ளை வந்தால் மறுப்பு. வாசலில் சூடம் விற்கும் மாயக்காள் கிழவி வந்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

"உத்தரவு!" என்று சண்முகராஜ் போட்ட சத்தத்தில் அரசமரத்துக் காக்காய் அத்தனையும் கிளம்பின. சொர்ணலதா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுருளியாண்டி பீடத்தடித் துவாரத்தில் ஒயினைச் சாய்த்தார். கருஞ்சிவப்பாக, நிதானமாக, பட்டையும் கிராம்பும் மணக்க மணக்க முழுப் பாட்டிலும் மண்ணுக்குள் இறங்கியது. அது இறங்க இறங்கச் சண்முகராஜின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. பாட்டில் காலியானதும் மணிக்கட்டை நீட்டினார்.

"அவுத்துவிடு மச்சான்."

"பொறு மாப்ள. டாக்டர் சொன்னதுக்குத்தான் உத்தரவு. என்ன சொன்னாகன்னு தெரியாம எந்தக் கயித்த அவுக்கறது?"

சொர்ணலதா ஏற்கெனவே போனை எடுத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, கருப்பின் காலடிக்கே நீட்டினார்.

"ஆத்தா மகிமா, மாமா ரத்தக்குழாய்க்கு என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு, சாமி கேக்கணும்."

"அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேனே அத்தை," என்றது போன். சண்முகராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொர்ணலதா சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கக் கூடாது. மாத்திரைய விடக் கூடாது. நடக்கணும். உப்பக் கொறைக்கணும். ஆசையா இருந்தா திராட்சையத் தோலோட, கொட்டையோட மென்னு திங்கலாம்."

சண்முகராஜ் நீட்டிய மணிக்கட்டை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"கேட்டியா மாப்ள," என்றார் சுருளியாண்டி. "குடிக்கக் கூடாதுன்னுட்டாக. அதனால இந்தக் கயிறு இருக்கட்டும். தோலு, கொட்டைக்கு உத்தரவு வந்திருச்சு. அதுக்கு ஒரு கயிறு கட்டணும்."

"அதுக்கு எதுக்கு மச்சான் கயிறு? ஆசையா இருந்தாத்தானே..."

"ஆசையில்லாமலா சாமி வரைக்கும் வந்து கேட்ட? கேட்டு வாங்குன உத்தரவ மீறுனா தெய்வக் குத்தம்."

ஒரு கயிற்றை அவிழ்க்கப் போனவர் கையில் இரண்டு கயிறானது. சுருளியாண்டி தன் பந்தலிலிருந்து ஒரு கொத்தை அறுத்து வந்து சாமி முன்னாலேயே தின்னச் சொன்னார். கொட்டை கடைவாயில் அரைபடுகிற சத்தம் சண்முகராஜின் மண்டைக்குள் ஜல்லி உடைக்கிற மிஷின் ஓடுவதுபோல் கேட்டது. தோல் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மாயக்காள் கிழவி கிட்டே வந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு வயசுக்கு எங்கூருல தோலோட திங்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். வவ்வாலு திங்கும்."

மறுநாள் மார்க்கெட்டில் சண்முகராஜ் நடந்ததை நடந்தபடி சொன்னார். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லாத அளவுக்கு அது முழுசாக இருந்தது. கேட்டவர்கள் வழக்கப்படி முக்கால் பங்கைக் கழித்தார்கள்.

"கொட்டையவா? கடிச்சா? போங்கண்ணே," என்றான் மதன்குமார். "செவப்புப் பூ வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"பாட்டில ஊத்துனீகள்ல?"

"ஊத்துனேன்."

"அப்புறம் என்ன? உத்தரவு வாங்கியாச்சு. அக்காவுக்குப் பயந்துக்கிட்டு எங்ககிட்ட மறைக்கிறீக."

சண்முகராஜ் கருப்பு மேல் ஆணையாகச் சொன்னார். நம்பவில்லை. இரண்டு கயிற்றையும் காட்டினார். ஒன்று திருஷ்டிக்கா என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லி இப்படி அவமானப்படுவதற்கு அவருக்குப் பழக்கம் இல்லை. எல்லைச்சாமியின் எல்லை எப்படியும் வீரபாண்டிக்கு இந்தப் பக்கம் வராது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சரிடா. ராத்திரிக்கு ஒரு டம்ளர். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

மார்க்கெட்டே மூச்சு விட்டது. இதை ஒருவரும் ஒரு பங்குகூடக் கழிக்கவில்லை. எவ்வளவு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார்கள். சண்முகராஜும் கேட்டதற்கெல்லாம் மனங்குளிரச் சொன்னார். ரத்தக்குழாயில் ஆரம்பித்து மூட்டுவலி, கண்புரை, வழுக்கை வரைக்கும் ஒயின் போய்ச் சேர்ந்தது. கல்லீரலுக்கும் நல்லது என்று வாய் தவறி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சுருளியாண்டி போன் செய்தார். "மாப்ள, ஒடனே கெளம்பி வா. தங்கச்சியையும் கூட்டிட்டு வா. கயிறு கட்டுன பய பூராம் பாட்டிலோட வந்து நிக்கிறான். ஒருத்தனுக்கு ரத்தக்குழா, ஒருத்தனுக்கு மூட்டு. கல்லீரலுக்குக்கூட நல்லதுன்னு சொன்னியாமே?"

போய்ப் பார்த்தால், தேவதானப்பட்டி லோடுமேன் தொடங்கிச் சின்னமனூர் அரிசிக்கடைக்காரர் வரைக்கும் கோயில் வாசலில் வரிசை. முன்னால் மதன்குமார், மணிக்கட்டில் கயிறு, கையில் பிராந்தி.

"ஒனக்கு என்னடா நோவு?" என்றார் சண்முகராஜ்.

"இனிமேத்தாண்ணே பாக்கணும்."

சுருளியாண்டி சண்முகராஜைச் சன்னதியில் நிறுத்தினார். "இங்கன வச்சுச் சொல்லு மாப்ள. ராத்திரி டம்ளர்ல என்ன குடிக்கற?"

சண்முகராஜ் குதிரையைப் பார்க்கவில்லை. அது தன்னைப் பார்ப்பது மட்டும் முதுகில் தெரிந்தது. "சத்தியமா ஒயினும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. திராட்சையத் தோலோட, கொட்டையோட திங்கறேன். நம்பலைன்னா பாருங்கடா" என்று வாயை ஆவென்று திறந்தார்.

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. ஒரு வாரமாகத் தோலை மென்றதில் பல்லும் ஈறும் நாக்கும் கருநீலமாக, சாயப்பட்டறைத் தொட்டிபோல இருந்தன.

"அடேயப்பா!" என்றான் மதன்குமார். "ஒரு டம்ளராடா இது? அண்ணன் அண்டாவுல முங்கி எந்திரிச்சிருக்காகடா!"

கூட்டம் கைதட்டியது. யாரோ ஒருவர் சண்முகராஜின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இனி என்ன சொன்னாலும் எடுபடாது என்று சண்முகராஜுக்குத் தெரிந்துவிட்டது. சுருளியாண்டிக்கும் தெரிந்தது. அவர் தங்கச்சியைப் பார்த்தார். சொர்ணலதா காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே கூடை கூடையாகப் பன்னீர் திராட்சை.

"எல்லாரும் உக்காருங்க," என்றார் சொர்ணலதா. "இவுக என்ன வைத்தியம் பாக்குறாகளோ அதேதான் உங்களுக்கும். மொதல்ல இதத் தோலு, கொட்டையோட ஒரு மண்டலம் தின்னணும். கயித்தப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம். அண்ணே, பாட்டிலையெல்லாம் வாங்கிச் சாமிக்கு வைங்க."

சாமி முன்னால் யார் மறுப்பது? மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கொத்து. முதலில் பிதுக்கப் போன விரல்களைச் சுருளியாண்டி அதட்டினார். கொஞ்ச நேரத்தில் கடமுட கடமுடவென்று, எருமைக் கூட்டம் பருத்திக்கொட்டை தின்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. சண்முகராஜும் தன் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தார். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று!

மதன்குமார் வாய் கொள்ளாமல் மென்றபடி அவர் காதருகே சாய்ந்தான்.

"அண்ணே, இது எப்ப ஏறும்?"

சண்முகராஜ் சன்னதிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவசரப்படாத. மெல்லு," என்றார். "கொட்ட நல்லா ஒடையணும்."